பதினாறு வயதும் ஏழு ஆண்டும்: சிறார் நீதிச் சட்டம் எங்கே மாறியது, வழக்கில் சிக்கிய பிள்ளைக்கு வீட்டார் என்ன செய்ய வேண்டும்

கேள்வி இது: "பதினாறரை வயதுப் பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இனிமேல் சிறுவனுக்கும் பெரியவர்கள் மாதிரிதான் வழக்கு நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

பெரும்பாலான வழக்குகளுக்கு அது உண்மை இல்லை. பெரியவர்களைப் போல விசாரிக்கும் வழி திறக்க இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: சம்பவம் நடந்த அன்று பிள்ளைக்கு 16 வயது முடிந்திருக்க வேண்டும், சாட்டப்படும் குற்றத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் மூவர் அமைப்பான இளைஞர் நீதிக் குழுமத்தோடு முடிந்துவிடும். வீட்டார் முதல் நாளே சரிபார்க்க வேண்டியவை இந்த இரண்டுதான். பலர் ஆறு மாதம் கழித்துத்தான் கேட்கிறார்கள். அதற்குள் தப்பான வயதும் தப்பான பிரிவும் எல்லாக் காகிதத்திலும் ஏறிவிடுகின்றன.

சட்டம் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சிறார்களுக்கென்று தனிச் சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1920இல். வங்கம் 1922இலும் பம்பாய் 1924இலும் தங்கள் சட்டங்களைக் கொண்டுவந்தன. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறாக இருந்ததை ஒழுங்குபடுத்த 1986இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்பது அதில் வயது வரம்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்றது. எந்த நாளின் வயதைப் பார்ப்பது என்ற குழப்பத்தை 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: கைதான நாளோ விசாரணை நாளோ அல்ல, குற்றம் நடந்த நாள். 2012 டிசம்பர் தில்லிக் கொடுமையில் ஈடுபட்ட ஆறு பேரில் ஒருவருக்குப் பதினெட்டு முடியச் சில மாதங்கள் இருந்தன. அவருக்குக் கிடைத்தது சிறப்பு இல்லத்தில் (குற்றம் உறுதியான சிறாரைத் திருத்துவதற்காக வைக்கும் இடம்) 3 ஆண்டு. அந்தக் கோபத்தின் அழுத்தத்தில்தான் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்டு, திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. சட்டம் மத்திய அரசுடையது என்றாலும் விதிகளை வகுப்பது மாநிலம். நம் மாநிலத்தில் அது 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறார் நீதி விதிகள்.

இனி அந்த ஏழு ஆண்டுக் கணக்கு. சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு வரை என்றால் சிறு குற்றம். குறைந்தபட்சமே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். இடையில் இருப்பது கடுங்குற்றம். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது: அதிகபட்சம் 10 ஆண்டு, ஆனால் குறைந்தபட்சம் எதுவும் சொல்லப்படாத குற்றங்கள் எந்த வகை? சில குழுமங்கள் அவற்றைக் கொடுங்குற்றமாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளை மேலே அனுப்பின. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவற்றைக் கடுங்குற்றமாகத்தான் கொள்ள வேண்டும் என்றது. 2021 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. திருத்தம் என்றதும் கடுமையாக்கிவிட்டார்கள் என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த விஷயத்தில் 2021 திருத்தம் பிள்ளைக்குச் சாதகமானது.

ஆகவே எஃப்ஐஆரைக் கையில் வாங்கியதும் "எத்தனை ஆண்டு வரை தண்டனை" என்று கேட்காதீர்கள். "குறைந்தது எத்தனை ஆண்டு" என்று கேளுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டும் (பிரிவு 303) பறிப்பும் (பிரிவு 304) 3 ஆண்டு வரை, சிறு குற்றம். வழிப்பறி (309) 10 ஆண்டு வரை, இரவில் நெடுஞ்சாலையில் என்றால் 14 ஆண்டு வரை. ஆனாலும் குறைந்தபட்சம் இல்லை, எனவே கடுங்குற்றம்தான். கொலை முயற்சி (109) கேட்கவே பயமாக இருக்கும். அதற்கும் குறைந்தபட்சம் கிடையாது, கடுங்குற்றமே. கொலையாகாத மரணம் விளைவித்தலில் (105) குறைந்தபட்சம் 5 ஆண்டு. அதுவும் கொடுங்குற்றம் ஆகாது. கொலை (103) கொடுங்குற்றம்.

கத்தி வந்துவிட்டால் கணக்கு மாறும். வழிப்பறியின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் பிரிவு 311. அதில் குறைந்தபட்சம் 7 ஆண்டு. நான்கு பேர் சேர்ந்து ஒரு செல்போனைப் பிடுங்கி, அதில் ஒருவன் கத்தியைக் காட்டியிருந்தால், நான்கு பேர் மீதும் 311ஐ எழுதிவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஆனால் இந்தப் பிரிவு ஆயுதத்தைப் பயன்படுத்தியவரை மட்டுமே பிடிக்கும் என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு காலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் விளக்கம். உங்கள் பிள்ளை பைக்கை ஓட்டியவன் மட்டும் என்றால், அவனைப் பொறுத்தவரை அது 309தான் என்று குழுமத்தின் முன் முதல் வாய்தாவிலேயே வக்கீல் எழுத்தில் வைக்க வேண்டும்.

கஞ்சா வழக்கில் எடைதான் எல்லாம். 1 கிலோ வரை சிறு அளவு, ஓராண்டு வரை தண்டனை, சிறு குற்றம். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் 10 ஆண்டு வரை, குறைந்தபட்சம் இல்லை, கடுங்குற்றம். வணிக அளவு என்றால் குறைந்தபட்சம் 10 ஆண்டு, கொடுங்குற்றம். ஒரே வண்டியில் பெரியவர்களோடு பிடிபட்ட பிள்ளைமீது மொத்த எடையும் ஏற்றப்படும். அவன் வசம் இருந்தது எவ்வளவு என்பதைப் பறிமுதல் மகஜரில் (பறிமுதல் செய்ததைப் போலீஸ் எழுதிவைக்கும் ஆவணம்) பார்க்க வேண்டும்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்திலும் இதே நுணுக்கம் உண்டு. பிரிவு 8இல் 3 முதல் 5 ஆண்டு, கடுங்குற்றம். பிரிவு 4இல் குறைந்தபட்சம் 10 ஆண்டு, 6இல் 20 ஆண்டு; இரண்டும் கொடுங்குற்றம். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் விரும்பி ஊரைவிட்டுப் போய், பெண்வீட்டார் புகார் கொடுக்கும் வழக்குகள் இந்தப் பிரிவுகளில்தான் விழுகின்றன. பதினெட்டுக்குக் கீழ் சம்மதம் செல்லாது என்பது சட்டம். ஆனாலும் இத்தகைய வழக்குகளை வன்கொடுமை வழக்குகளோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே சொன்னது. காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி சுற்றறிக்கையும் அனுப்பினார். பெரியவரைப் போல விசாரிக்க வேண்டுமா என்ற மதிப்பீட்டில் "குற்றம் நடந்த சூழ்நிலை" என்பது பார்க்க வேண்டிய ஓர் அம்சம். அங்கே இதை வலுவாக வைக்கலாம்.

அடுத்து முதல் 24 மணி நேரம். சட்டப்படி பிள்ளையை ஒரு நிமிடம்கூட லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ அந்த ஸ்டேஷனின் குழந்தைகள் நல காவல் அலுவலரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அன்று குழுமம் கூடவில்லை என்றால் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். ஆகவே "ஞாயிற்றுக்கிழமை, அதனால் வைத்திருந்தோம்" என்பது ஏற்கத்தக்க காரணம் அல்ல. பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். விதிப்படி கொடுங்குற்றத்திலும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்திலும் மட்டுமே எஃப்ஐஆர். மற்றவற்றில் பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பிடித்து வைக்கவே தேவையில்லை, பெற்றோரிடம் தேதி சொல்லி அழைத்துவரச் சொல்லலாம். நடைமுறையில் பல ஸ்டேஷன்களில் எஃப்ஐஆர் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கிறார்கள். அந்த மீறலைக் குழுமத்தின் முன் பதிவு செய்வது பின்னால் உதவும்.

கோளாறு தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செவ்வாய் இரவு கூட்டிப்போன பையனை வியாழன் காலையில் பிடித்ததாகக் கணக்குக் காட்டுவார்கள். அந்த இரண்டு நாளில்தான் அடி விழுகிறது, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது. பிள்ளையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது என்பது விதி. பெற்றோரும் நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கூட்டிப்போன நேரத்தை உடனே எழுத்தில் ஆக்குங்கள்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ மின்னஞ்சல், 1098க்கு ஓர் அழைப்பு, இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஸ்டேஷன் வாசலில் நின்று கெஞ்சும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும். குழுமம் விசாரணையைத் தொடங்கும்போதே, போலீஸ் பிள்ளையைத் துன்புறுத்தவில்லை என்று தன்னை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 14. காயம் இருந்தால் அந்த முதல் நாளிலேயே சொல்லி மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். அடுத்த வாய்தாவில் சொன்னால் காயமும் ஆறியிருக்கும், நம்புவாரும் குறைவார்கள்.

வயதுச் சான்று தனியாகப் பேச வேண்டிய விஷயம். பிரிவு 94 வரிசை போட்டுச் சொல்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாதபோது மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை போன்ற மருத்துவ முறை. அந்தச் சோதனையை உத்தரவு வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை; பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பலர் டி.சி.யை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தமிழ்நாட்டுப் போக்சோ வழக்கு ஒன்றில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் பிரிவு 94 கேட்கும் சான்று ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்தால் அதை முதலில் வையுங்கள். பத்து முடிக்காத பிள்ளை என்றால் தலைமையாசிரியரிடம் தனியாகப் பிறந்த தேதிச் சான்று எழுதி வாங்குங்கள். கூடவே பிறப்புச் சான்றும் இருக்கட்டும்.

பள்ளித் தேதியும் பிறப்புச் சான்றின் தேதியும் வேறாக இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். சட்டம் பள்ளிச் சான்றை முன்னே வைத்திருப்பதால், கூட்டிச் சொன்ன அந்தச் சில மாதங்கள் பிள்ளையைப் பதினாறுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும். அப்போது பிறப்புப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் சேர்த்து, பள்ளிப் பதிவு எதன் அடிப்படையில் எழுதப்பட்டது என்று கேள்வி எழுப்ப வேண்டும். மருத்துவச் சோதனைக்குப் போகும் நிலை வந்தால், அதில் இரண்டு ஆண்டு வரை முன்பின் ஆகும் என்பதை வாதத்தில் சொல்ல மறக்கக் கூடாது.

போலீஸ் 19 என்று எழுதி மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, பிள்ளை சிறைக்கே போய்விட்டால்? பிரிவு 9இன்படி, தான் சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்பு இறுதியான பிறகும் எழுப்பலாம். மனு போட்டதும் நீதிமன்றம் வயதை விசாரித்தாக வேண்டும்; அதுவரை காவல் தேவைப்பட்டால் பாதுகாப்பு இடத்தில் (சிறை அல்லாத, இதற்கென உள்ள தனி இடம்) வைக்கலாம். இந்தப் பிரிவின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: மகாராஷ்டிரத்தில் 1994இல் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்று 28 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரை, சம்பவத்தின்போது அவருக்கு 12 வயதுதான் என்று கண்டு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இருபத்தெட்டு ஆண்டு. முதல் வாரத்தில் ஒரு பள்ளிச் சான்று நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கொடுமை அது.

ஜாமீனுக்கு வருவோம். பிரிவு 12 பெரியவர்களின் ஜாமீன் விதியைத் தலைகீழாக்குகிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ இல்லையோ, பிள்ளையை விடுவிப்பதுதான் விதி. ஜாமீன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பிலும் விடலாம். மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, விடுவிப்பது நீதியின் நோக்கத்தைக் கெடுக்கும். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். "குற்றம் கொடூரமானது" என்பது அந்த மூன்றில் இல்லை. 2024 ஆகஸ்டில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், இந்தக் காரணங்களில் எதையும் பதிவு செய்யாமலே ஓராண்டுக்கு மேல் பிள்ளையை உள்ளே வைத்திருந்ததைக் கண்டித்து உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் ஆகிவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையை மீண்டும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். இரண்டு ஜாமீன்தாரருக்கு அலைய முடியாத குடும்பங்கள் இந்த உட்பிரிவைப் பயன்படுத்த வேண்டும்.

"நாலு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்" என்று ஜாமீன் எடுக்காமல் விடும் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை முடியும் வரை சிறாரை வைக்கும் இடம்) 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்ததாக இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவன்மீது இருந்தது திருட்டுப் புகார். உள்ளே வந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அதன் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது; 2023இல் அவர் அறிக்கை கொடுத்தார். கூர்நோக்கு இல்லம் தண்டனைக்கான இடம் அல்ல, பாடம் புகட்டும் இடமாகவும் அதை நினைக்காதீர்கள்.

முன்ஜாமீன் பற்றியும் கேட்பார்கள். சிறாரைக் கைது செய்யும் அதிகாரமே போலீசுக்கு இல்லாதபோது முன்ஜாமீன் மனு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. பம்பாய் உள்ளிட்ட வேறு சில உயர் நீதிமன்றங்கள் மாற்றுக் கருத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்காக நாளை வீணாக்காமல், வக்கீலோடு பிள்ளையை நேராகக் குழுமத்தில் ஆஜர்படுத்துவதே நல்லது.

குழுமம் என்பது மூன்று பேர்: ஒரு முதன்மை மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், இருவரில் ஒருவராவது பெண். கூண்டு, உயர்ந்த மேடை, போலீஸ் சீருடை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும். முதல் முறை நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். காரணம் எழுதி 2 மாதம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகும் முடியாத சிறு குற்ற வழக்கு அத்தோடு முடித்துவைக்கப்படும், பிரிவு 14(4)இன்படி. கடுங்குற்றத்திலும் கொடுங்குற்றத்திலும் மேற்கொண்டு நீட்டிக்கத் தலைமை நீதித்துறை நடுவரின் அனுமதி தேவை. சிறு குற்றத்திலும் கடுங்குற்றத்திலும் போலீஸ் இறுதி அறிக்கையை 2 மாதத்தில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. திருட்டு வழக்குக்காக இரண்டு வருஷமாகப் பள்ளிக்கு விடுப்புப் போட்டு வாய்தாவுக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரும் அந்த ஒற்றை உட்பிரிவைச் சொல்லி மனுப் போடாததுதான் காரணம்.

"ஒத்துக்கோ, இன்னைக்கே எச்சரித்து அனுப்பிடுவாங்க" என்ற யோசனை குழும வராண்டாவில் தாராளமாகக் கிடைக்கும். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பிள்ளையின் பெயர், அடுத்த திருட்டு நடக்கும்போது போலீஸ் முதலில் தேடும் பெயராகிறது. வக்கீலிடம் பேசாமல் ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள்.

இறுதி உத்தரவை உண்மையில் தீர்மானிப்பது பெரும்பாலும் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் அது வர வேண்டும். அலுவலர் வீட்டுக்கு வரும்போது அப்பாவின் குடியையும் படிப்பு நின்றதையும் பலர் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். பிரச்சினை இருக்கிறது, அதற்கு இன்னது செய்யப்போகிறோம் என்று சொல்லும் குடும்பத்துக்குத்தான் பிள்ளையைத் திருப்பித் தரக் குழுமத்துக்கு நம்பிக்கை வரும். மீண்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியர் எழுதிய கடிதம், ஐடிஐயில் சேர்ந்த ரசீது, ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் சித்தப்பா வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்ற உறுதி: இவை பத்துப் பக்க வாதத்தைவிட எடை கூடியவை.

இனி 16 முடிந்த பிள்ளையும் கொடுங்குற்றமும் சேரும் வழக்கு. இங்கேதான் பிரிவு 15, பூர்வாங்க மதிப்பீடு. குற்றம் செய்தானா என்பதை இதில் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவை உணரும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பவற்றைத்தான் பார்க்கிறார்கள். இதற்காகப் போலீஸ் சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒரு மாதத்தில் தர வேண்டும். மதிப்பீடு 3 மாதத்தில் முடிய வேண்டும். இந்த 3 மாதம் கட்டாயக் கெடு அல்ல என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மதிப்பீடு எப்படி நடந்தது என்பதில்தான் வேலை இருக்கிறது. குழும உறுப்பினர்களில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ தொழிலாகப் பயின்றவர் இல்லை என்றால், வெளி நிபுணரின் உதவியைப் பெற்றாக வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவுத்திறன் எண்ணை எழுதி "நன்றாக இருக்கிறான்" என்று முடிக்கும் ஒரு பக்க அறிக்கை மதிப்பீடு ஆகாது. கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைக்கும் ஓர் உந்துதலின் விளைவு தெரியாமல் இருக்கலாம். நிபுணர் எத்தனை முறை பார்த்தார், சம்பவ காலத்து மனநிலையைப் பற்றிக் கேட்டாரா, பெற்றோரிடம் பேசினாரா என்று பாருங்கள். உளவியல் அறிக்கை, சமூக விசாரணை அறிக்கை, சாட்சி வாக்குமூலங்கள் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேட்டு, படிக்க அவகாசமும் கேளுங்கள்.

பெரியவராக விசாரிக்கலாம் என்று குழுமம் முடிவெடுத்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வேறு உளவியல் நிபுணரின் உதவியை அங்கே பெற முடியும். மேல்முறையீடு தோற்றாலும் கதை முடியவில்லை: வழக்கு வந்து சேரும் குழந்தைகள் நீதிமன்றம், பெரியவராக விசாரிப்பது தேவைதானா என்று பிரிவு 19இன்படி தானே தனியாக முடிவெடுத்தாக வேண்டும். 2023இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகக் குற்றச்சாட்டு வனைவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தமிழ்நாட்டிலிருந்து போன, குழந்தைக்கு எதிரான குற்ற வழக்கு ஒன்றில், சம்பவத்தின்போது பதினெட்டு நிறையாதவரைக் குழுமத்தின் முன் நிறுத்தாமலே, பூர்வாங்க மதிப்பீடும் இல்லாமலே செஷன்ஸ் நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்திருந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பாதிக்கப்பட்ட குழந்தையின் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அநீதி என்று நினைத்துப் பாருங்கள். நடைமுறையைக் குறுக்கு வழியில் முடிப்பது யாருக்கும் நீதி அல்ல.

பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை வந்தாலும் 21 வயது வரை சிறை கிடையாது, பாதுகாப்பு இடம்தான். 21இல் மறுமதிப்பீடு செய்து, விடுவிப்பதா மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவதா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் எந்தச் சிறாருக்கும் விதிக்க முடியாது. குழுமத்திலேயே முடியும் வழக்குகளில் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தொடங்கி, அதிகபட்சம் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை போகலாம்.

பெரியவர்களோடு சேர்ந்து சிக்கிய பிள்ளையின் வழக்கைப் பிரிவு 23இன்படி தனியாகப் பிரித்தாக வேண்டும். அசல் ஆவணங்கள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் கிடக்க, குழுமத்தில் வழக்கு அசையாமல் நிற்கும். சான்றிட்ட நகல்களை அனுப்பும்படி மனுப் போடுவதே வழி. பிரிவு 22ஐயும் நினைவில் வையுங்கள்: நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கும் நடவடிக்கையைப் பிள்ளைமீது எடுக்க முடியாது. தேர்தலோ திருவிழாவோ வந்தால் ஏரியாப் பையன்களை ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் நிறுத்தும் பழக்கத்தில் பதினேழு வயதுக்காரனும் அகப்பட்டுக்கொள்கிறான். அங்கே வயதுச் சான்றோடு எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, வேலை பற்றிய கவலை. பிரிவு 24இன்படி இந்தத் தீர்ப்பால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. விதிப்படி ஆவணங்களை 7 ஆண்டோ மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரையோ வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டும். முடிந்த வழக்கின் விவரத்தை நடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 74. பெயர், படம், பள்ளி, ஊர் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தியப் படை வேலை ஒன்றில் சிறார் காலத்து வழக்கைக் காரணம் காட்டி மறுத்ததை 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே வழக்கு முடிந்த அன்றே உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அரசு வேலைக்கான சரிபார்ப்பில் ஸ்டேஷனிலிருந்து பழைய வழக்கு எண் எழுதி வந்தால், அந்த நகலையும் பிரிவு 24, 74 இரண்டையும் காட்டி அதே வாரத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. தேர்வுப் பட்டியல் காலாவதியாகும் முன்பே அதைப் போட வேண்டும்.